நீலத்தும்பி பதில் எழுதுகிறான்

ஜூன் 9, ஞாயிறு

நந்துவின் சாப்பாட்டுப் பையை இன்றைக்குத்தான் துவைக்கப் போட்டேன். அன்றைக்கு அப்பா சாயப்பட்டறையிலிருந்து எடுத்துவந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியது. நாற்றம் வந்த பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. கருமாதியும் முடிந்துவிட்டது, இனியும் தொங்கவிட்டால் எலி வரும்.

உள்ளே தூக்குப்போசி, பூசணம் பிடித்த தக்காளிச் சோறு, அவனுடைய போன். போனைத் துடைக்கத் துணி எடுத்தேன். துடைக்க ஒன்றுமில்லை. காய்ந்து, சுத்தமாக இருந்தது. சார்ஜில் போட்டேன்.

உயிர் வந்ததும் அது கத்த ஆரம்பித்தது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து: ‘பிறவெளி’. விஞ்ஞானக் கதையும் மாயக் கதையும் எழுதுகிறவர்களுக்கான இணையதளம். இரண்டு வருடமாக அதில்தான் கிடந்தான். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்று கால் வீங்கி வந்து படுத்தால், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, ரெண்டு நிலா இருந்தா அமாவாசை எப்புடி வரும்?” என்று கேட்பான். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதைப் பற்றி எழுது என்பேன். என் கதைகளில் மழை பெய்தால் ஓடு ஒழுகும். அவனுடையதில் மழை கீழேயிருந்து மேலே போகும்.

கடைசியாக வந்திருந்த செய்தி:

‘நீலத்தும்பி, உங்கள் கதை வரிசையில் ஒன்பதாம் இடத்தில் உள்ளது. இந்த வாரம் நீங்கள் இன்னும் விமர்சனம் எழுதவில்லை.’

நீலத்தும்பி என்பது அங்கே அவன் பெயர்.

விதிகளைப் படித்தேன். அந்தத் தளத்தில் ஒரு பட்டறை நடக்கிறது. உன் கதை அங்கே வரிசையில் நிற்க வேண்டுமென்றால் வாரம் ஒருமுறை அடுத்தவன் கதையைப் படித்து விமர்சனம் எழுத வேண்டும். வரிசையின் தலைக்கு வந்துவிட்டால் எல்லோரும் உன் கதையைப் படிப்பார்கள். அடுத்தடுத்து ஐந்து வாரம் எழுதாவிட்டால் கதை எடுக்கப்படும். எழுதியவர் விலகிவிட்டாலும் எடுக்கப்படும். ‘பட்டறை, திருத்தப்போகிறவர்களுக்கு மட்டும்’ என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள்.

அவன் போய்விட்டான் என்று எழுதினால் கதை இறங்கிவிடும்.

முதல் வேலையாகக் கதையை நகல் எடுத்துவைத்தேன். ஆனால் அவன் நகலுக்காக எழுதவில்லை. முன்பின் தெரியாத நாலு பேர் படிக்கட்டும் என்று டிசம்பரிலிருந்து வரிசையில் நிற்கிறான். நிற்கட்டும்.

ஜூன் 10, திங்கள்

வாசலில் தண்ணீர் டிரம்மின் மூடி திறந்து கிடந்தது. எத்தனை தடவை சொல்வது? கொசு.

ஜூன் 12, புதன்

விமர்சனம் எழுதினேன். நீலத்தும்பி எழுதியதாக.

யாரோ ஒருவருடைய கதை. பதினேழு ராஜ்யம், மூன்று டிராகன், நாடு கடத்தப்பட்ட இளவரசன். அரண்மனையில் நானூறு பேர் விருந்து சாப்பிடுகிறார்கள். நானூறு பேர் சாப்பிட்ட தட்டைக் கழுவ ஒரு ஆள் கதையில் இல்லை. டிராகன் சாணி போடுமா போடாதா? இப்படித்தான் எழுத வந்தது. பிறகு அழித்தேன். நந்து இப்படி எழுதமாட்டான், யாரையும் நோகடிக்கமாட்டான். அவனுடைய பழைய விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். எல்லாமே ‘இந்த இடம் செம’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. அப்புறம்தான் மெதுவாக ஒரு கேள்வி கேட்பான்.

அவனுடைய போனில்தான் அடித்தேன். ‘இந்த’ என்று அடித்ததும் கீழே ‘இடம்’ என்று வந்தது. தொட்டேன். ‘செம’ என்று வந்தது. தொட்டேன். அடுத்து ‘ஆனா’. அடுத்து ‘ஒரு’. அடுத்து ‘டவுட்டு’.

போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். திரும்பி வந்து மீதியை எழுதினேன். டவுட்டை மட்டும் நான் போட்டேன்: தட்டை யார் கழுவுகிறார்கள்?

அந்தத் தளத்தில் உலகம் கட்டுவதற்கென்று ஒரு கேள்விப் பட்டியல் இருக்கிறது. உங்கள் உலகத்தில் பணம் என்ன, சாமி என்ன, போர் எதற்காக, செத்தவர்களை என்ன செய்கிறார்கள் என்று நீளமாகப் போகிறது. நடுவில் ஒரு கேள்வி: ‘உங்கள் உலகத்தில் கழிவை அகற்றுவது யார்?’ மற்றவர்கள் நிரப்பியதைப் புரட்டிப் பார்த்தேன். சாமிக்கும் போருக்கும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் அந்தக் கேள்வியை வெறுமனே விட்டிருக்கிறார்கள். ஒருவர் ‘மந்திரத்தால் மறைந்துவிடும்’ என்று எழுதியிருக்கிறார்.

நந்து எழுதியிருந்தது ஒரே வரி. ‘எங்க அப்பா, நான்.’

ஜூன் 13, வியாழன்

விமர்சனத்துக்கு எட்டுப் பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். இளவரசனை எழுதியவர், ‘தம்பி, தட்டு விஷயம் சூப்பர். ஒரு சமையல்காரியை உள்ளே கொண்டுவருகிறேன்’ என்கிறார்.

அப்பா டீ வேண்டாம் என்கிறார். ஒரு மாதமாகவே குடிப்பதில்லை. காரணம் கேட்கவில்லை. பால் மிச்சம்.

ஜூன் 16, ஞாயிறு

அவன் கதையை முழுதாகப் படித்தேன். கம்பெனி லீவு, துணி ஊறிக்கொண்டிருந்தது.

ஊரின் பெயர் வெளுப்பூர். தளத்தில் ஊர்ப் பெயர் செய்து தரும் கருவி இருக்கிறது. ‘ஸெராக்கியா’, ‘வல்தோரா’ என்றெல்லாம் தரும். அவன் அதைத் தொடவில்லை. துணியை வெளுக்கிற ஊரில் பிறந்தவன் வெளுப்பூர் என்று வைத்துவிட்டான்.

வெளுப்பூரில் இரவு முடிந்ததும் இருட்டு தானாகப் போகாது. வழிந்து போய் ஊருக்கு அடியில் இருக்கும் கிணறுகளில் தங்கும். சேறு மாதிரி. தினமும் ஒருவன் இறங்கி அதை அள்ளினால்தான் மறுநாள் விடியும். அள்ளுகிறவன் கீழாள். மேலே கிணற்று மேட்டில் நிற்பவன் மேலாள். மேலாளுக்கு ஒரே வேலைதான். கீழாளின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டுக்குள் போனவனுக்கு எல்லாம் மறந்துவிடும், எந்தப் பக்கம் மேல் என்பதும் மறந்துவிடும். பெயர் வருகிற திசைதான் மேல்.

இது கற்பனை இல்லை. சாயக்கழிவுத் தொட்டியில் இறங்குகிற எங்கள் ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள். ஒருவர் மேலே நின்று பெயரைக் கூப்பிடுவார், கீழே இருப்பவர் ‘ஓய்’ என்பார். ஓய் வராவிட்டால் கயிற்றை இழுக்க வேண்டும். விஷவாயு முதலில் தலையைத்தான் மந்தமாக்கும். முகமூடி கொடு, மோட்டார் கொடு, ஆளை இறக்காதே என்று சட்டம் சொல்கிறது. சாயப்பட்டறை கொடுத்தது கயிறும் தொண்டையும்.

கதையில் மேலாள் அப்பா, கீழாள் மகன். ஒரு நாள் மேஸ்திரி மேலாளை ஏதோ சின்ன வேலைக்குக் கூப்பிடுகிறார். இதோ வந்துவிடுகிறேன் என்று அவர் போகிறார். பெயர் நின்றுவிடுகிறது. கீழே மகன் தடவித் தடவி நிற்கிறான். அப்போது இருட்டுக்குள்ளிருந்தே பெயர் கேட்கிறது. இதற்கு முன்னால் இறங்கித் திரும்பாதவர்கள் ஒவ்வொருவராக அவன் பெயரைச் சொல்கிறார்கள். அவன் மேலே வந்துவிடுகிறான். வெளுப்பூரில் அன்றைக்கு மத்தியானம் விடிகிறது.

முடிவு பொய். யாரும் மேலே வருவதில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் திருத்தச் சொல்லியிருப்பேன்.

திருத்திய தேதி போட்டிருக்கிறது, மார்ச். நந்து தொட்டிக்குள் இறங்கியது மே மாதம்.

துணியை அலசிக் காயப்போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

என் போனில் நானும் பிறவெளியில் ஒரு கணக்குத் தொடங்கினேன், பட்டறை எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான். யார் இணைப்பில் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும்.

வேலைக்குப் போகும்போது அவன் போனை அந்தப் பக்கம் திறந்தபடியே அலமாரியில் சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறேன். கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் ஒருமுறை, டீ இடைவேளையில் ஒருமுறை பார்க்கிறேன். பச்சை எரிகிறது. பேட்டரி கெடும். கெடட்டும்.

ஜூன் 21, வெள்ளி

‘கருந்துளை’ என்று ஒருவன் அங்கே இருக்கிறான். காலேஜ் பையன், ஊர் ராஜபாளையம் பக்கம் என்று பழைய அரட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் தினமும் பேசியிருக்கிறார்கள்.

“எலேய் தும்பி, ஒரு மாசமா எங்கல போன? செத்துட்டன்னு நெனச்சேன்.”



“வேலை,” என்று எழுதினேன்.

“பொய். லவ்வு.”

“இல்லடா.”

“அப்ப உன் அக்காகாரி போனப் புடுங்கிட்டா. கரெக்டா?”

என்னைப் பற்றி அவனிடம் என்னவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறான் என்று மேலே தள்ளிப் படித்தேன். ‘அக்கா நெசமான கதை எழுதுவா. சூப்பரா எழுதுவா. அவ கதைல யாருமே சிரிக்கமாட்டாங்க, அதான் பிரச்சன.’

“ஆமா, புடுங்கிட்டா,” என்று எழுதினேன்.

“ஹஹ. ‘அலுத்துப்போன கதைகள்’ பட்டியல்ல புதுசா சேத்துருக்காங்க, பாத்தியா? பதினோராவது: கதை சொல்றவரே செத்தவர்னு கடைசில தெரியறது. என் கதை போச்சு மக்கா!”

நந்துவின் கீபோர்டு ‘ஹஹ’ என்று எடுத்துக் கொடுத்தது. தொட்டேன்.

இது கதை வரிசையில் நிற்பதற்காகத்தான். வேறெதற்கும் இல்லை.

ஜூன் 24, திங்கள்

குமாரசாமி வந்திருந்தான். சாயப்பட்டறை சூப்பர்வைசர். என்னைவிட ஒரு வயது சின்னவன். அப்பாவை ‘ரங்கா’ என்றுதான் கூப்பிடுவான். உள்ளே வரமாட்டான், வாசலில் வண்டியில் உட்கார்ந்தபடியே பேசுவான். இந்த லைன் வீடு பட்டறையுடையது, அவன் கால் வைக்காத வீட்டுக்கு அவன்தான் அதிகாரி.

“ரங்கா, பன்னெண்டாந் தேதி வெள்ளிக்கெழம. கோட்டாட்சியர் ஆபீசுல வெசாரண. என்ன சொல்லோணும்னு நெனப்பிருக்குதா?”

“இருக்குதுங் சாமி.”

“எங்க, சொல்லு பாக்கலாம்.”

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டார். ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. “பையனோட போனு தொட்டிக்குள்ள உளுந்துருச்சுங். எடுக்கறக்கு அவனா எறங்கிட்டானுங். வேண்டாம், வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டானுங்.”

“ஆரு வேண்டாம்னு சொன்னது?”

“நீங்கதானுங்.”

“அதான். நீ எழுதிக் குடுத்ததும் அதேதான். மாத்திச் சொன்னா உனக்குத்தான் வம்பு, வீடு வாசல் எல்லாம் பாத்துக்கோ.”

பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. ‘செல்போனை எடுக்க இறங்கிய வாலிபர் பலி.’ ஐந்தே வரிகள். படித்தவர்கள் எல்லோரும் த்சொ என்றிருப்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போன் பைத்தியம்.

அப்போது அலமாரியில் டிங் என்றது. பிறவெளி.

குமாரசாமி எட்டிப் பார்த்தான். “ஆரு போனு அது?”

“என்றதுங்க,” என்றேன்.

“நல்ல போனாட்டத்தான் இருக்குது.”

அப்பா திரும்பி அலமாரியைப் பார்த்தார். அந்த ஸ்டிக்கர் ஒட்டின முதுகு அவருக்குத் தெரியும், தீபாவளிக்கு அவர்தான் வாங்கிக் கொடுத்தார். என்னைப் பார்த்தார். குமாரசாமி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

செய்தியை எடுத்துப் பார்த்தேன். ‘நீலத்தும்பி, உங்கள் கதை மூன்றாம் இடத்தில் உள்ளது.’

ஜூன் 26, புதன்

விமர்சனம் எழுதினேன். ரோபோ காதல். இந்த இடம் செம, ஆனா ஒரு டவுட்டு.

ஜூன் 30, ஞாயிறு

மூடி எப்படித் திறக்கிறது என்று தெரிந்துவிட்டது.

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க எழுந்தேன். அப்பா டிரம்மின் மேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவுகிறார் என்று நினைத்தேன். மூடியைக் கழற்றி, தலையை உள்ளே நீட்டி, “நந்தூ,” என்றார். மெதுவாகத்தான். பாதி டிரம் காலி, அதனால் சத்தம் உள்ளே சுற்றி வந்தது. கொஞ்சம் பொறுத்தார். மறுபடியும், “நந்தூ.”

காத்திருந்தார். நானும் கதவுக்குப் பின்னால் நின்றேன். எதற்கு என்று தெரியவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதே பட்டறைக்குத்தான். மூடியை மூடவில்லை.

நான் மூடினேன். பிறகு திரும்பத் திறந்து வைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

கதை வரிசையின் தலைக்கு வந்துவிட்டது. அலமாரியிலிருந்து டிங், டிங் என்று நிற்காமல் வருகிறது.

கருந்துளை முதல் ஆளாக வந்தான். ‘மக்கா, மத்தியானம் விடியுற எடத்துல நான் எந்திரிச்சு நின்னுட்டேன்.’ ஒரு அம்மா துபாயிலிருந்து, தன் மகனுக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருக்கிறார். ஒருவர், இருட்டின் அடர்த்தி எவ்வளவு, ஒரு கிணற்றுக்கு எத்தனை வாளி என்று கணக்கே போட்டிருக்கிறார். இன்னொருவர், ‘இந்த அடிமைச் சமூகம் நம்பும்படி இல்லை. விளக்கு கண்டுபிடித்த ஊர், கிணற்றில் மனிதனை இறக்குமா?’ என்று கேட்கிறார்.

இறக்கும் அண்ணா. வந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ‘நன்றி, திருத்துறேன்’ என்று நீலத்தும்பி பதில் எழுதினான்.

எழுதினேன்.

ஜூலை 7, ஞாயிறு

மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். மூன்று பேர் அளவுக்கு வைத்துவிட்டேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

வத்சலா மேடம் விமர்சனம் எழுதியிருக்கிறார். அங்கே மரியாதையான ஆள், சொந்தப் பெயரிலேயே எழுதுகிறார். சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், நல்லவர். நந்து முதன்முதலில் போட்ட கதையை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவர் இவர்தான். ‘மேடம் சொன்னாக் கரெக்டா இருக்கும்’ என்று அவன் எழுதியிருக்கிறான். அதனால் கவனமாகப் படித்தேன்.

‘அன்புள்ள தும்பி, இதுவரை நீ எழுதியதில் இதுதான் சிறந்தது. இரண்டு ஓட்டைகள். ஒன்று, மகன் உள்ளே இருக்கும்போது ஒரு தகப்பன் சில்லறை வேலைக்காக அந்த இடத்தை விட்டுப் போவானா? வாசகர் நம்ப மாட்டார்கள். இரண்டு, கீழாள் இறங்குவதற்குக் காரணம் போதவில்லை. இறங்கச் சொன்னார்கள், இறங்கினான் என்று இருக்கிறது. பாத்திரத்துக்கு ஒரு சொந்த ஆசை வேண்டும். ஒரு யோசனை சொல்கிறேன். அவனுக்குப் பிரியமான பொருள் ஒன்று கிணற்றுக்குள் விழுந்துவிடுகிறது. யார் தடுத்தும் கேட்காமல் அதை எடுக்க இறங்குகிறான். கதைக்கு எவ்வளவு அழுத்தம் வந்துவிடும் பார்.’

மூன்று முறை படித்தேன்.

குமாரசாமி என்ன எழுத்தாளனா? அவனுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. பிரியமான பொருள், யார் தடுத்தும் கேட்காமல். இந்த அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது. கதை நன்றாக வர வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஒருவனைச் சும்மா இறங்கச் சொன்னார்கள், அவன் இறங்கினான், செத்தான் என்றால் யாருக்கும் நிற்கவில்லை. அவன்மேல் ஒரு தப்பு இருந்தால்தான் கதை நிற்கிறது.

கீபோர்டு ‘நன்றி’ என்றது. தொடவில்லை. ‘திருத்துறேன்’ என்றது. தொடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக நானே அடித்தேன்.

‘மேடம், நான் நீலத்தும்பியின் அக்கா, கோகிலா. அவன் பெயர் நந்தகுமார். மே மாதம் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டியில் இறங்கிச் செத்துப்போனான். எதுவும் உள்ளே விழவில்லை. இறங்கச் சொன்னார்கள். எங்கள் உலகத்தில் காரணம் அவ்வளவுதான். நீங்கள் சொன்ன காரணத்தைப் பட்டறைக்காரர்களும் சொல்கிறார்கள், அவன் போன் விழுந்துவிட்டதாம். அந்தப் போனில்தான் இதை எழுதுகிறேன். இவ்வளவு நாளும் அவன் பெயரில் விமர்சனம் எழுதியது நான். உங்கள் விதியை மீறியிருக்கிறேன். கதையில் ஒரு வார்த்தையையும் திருத்தப்போவதில்லை.’

அனுப்பினேன். பச்சைப் புள்ளி அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

ஜூலை 8, திங்கள்

கருந்துளை எழுதியிருந்தது:

“எலேய், இது பதினோராவது. பட்டியல்லயே இருக்கு. வேற யோசி.”

கொஞ்ச நேரம் கழித்து: “தும்பி?”

அதற்கப்புறம்: “உண்மையாவா?”

அதற்கப்புறம்: “அப்ப போன மாசம் என்கூட சிரிச்சது யாரு?”

கம்பெனியில் கழிப்பறையில் நின்று இதைப் படித்தேன். நான் என்று எழுதினால் அது முழு உண்மையில்லை. அந்த ‘ஹஹ’ என்னுடையதில்லை.

இரண்டு பேர், இது கவனம் ஈர்க்கும் தந்திரம் என்கிறார்கள். ஒருவர், உண்மையென்றால் ஆதாரம் எங்கே என்று கேட்கிறார். கதை பிடித்தது என்று எழுதியவர்களில் பாதிப் பேர் பேசவில்லை. வத்சலா மேடம் தன் விமர்சனத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘என்னை மன்னிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

மாலையில் நெறியாளரின் செய்தி. ‘ஆழ்ந்த இரங்கல். விதிப்படி, திருத்தம் செய்ய எழுதியவர் இல்லாத கதையைப் பட்டறையில் வைத்திருக்க இயலாது. புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறோம்.’

வெளுப்பூர் இறங்கிவிட்டது. இரங்கலும் விதியும் ஒரே வரிசையில் எப்படி இவ்வளவு மரியாதையாக வந்து நிற்கின்றன?

ஜூலை 10, புதன்

கம்பெனிக்கு லீவு சொன்னேன். அப்பாவுக்குக் காய்ச்சல், அவரும் போகவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“ப்பா. நந்து ஒரு கதை எழுதியிருக்கான். படிக்கட்டுமா?”

“அவன் எழுதறது எனக்கெங்க வெளங்குது? ரெண்டு நெலாம்பான், மூணு சூரியம்பான்.”

“இது வெளங்கும்.”

“ம். படி.”

நகலை எடுத்துப் படித்தேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினால், “அப்பறம்?” என்றார். மேலாள் பெயர் சொல்லுகிற இடம் வந்ததும், தனக்குத்தானே தலையாட்டினார். “அது செரிதான். பேரு நிக்கப்படாது.”

மேஸ்திரி கூப்பிடுகிற இடம் வந்தது. தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். தாண்டவில்லை. படித்தேன். ‘இதோ வந்துவிடுகிறேன் என்று மேலாள் போனார்.’

அப்பா கண்ணைத் திறந்தார்.

“இத எப்ப எழுதுனான்?”

“மார்ச்சுல.”

“அவனுக்கெப்புடித் தெரியும்?”

நகலை மடியில் வைத்தேன்.

“டீ வாங்கியாரச் சொன்னாரு புள்ள. அந்தக் குமாரசாமி. அஞ்சு டீ. பையன் உள்ள இருக்கானுங்னு சொன்னேன். அவனென்ன பச்சக் கொழந்தையா, போயிட்டு வான்னாரு. கட எதுத்தாப்புலதான். ஒருக்காக் கூப்புட்டேன், ஓய்ன்னான். போனேன். அந்தக் கடைக்காரன் பால் காயட்டும்னான்...” கஞ்சிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் ஐந்து டீ இருக்கிற மாதிரி, சிந்தாமல்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “கதைல பையன் மேல வந்துருவானா?”

“வந்துருவான்.”

“ஆரு கூப்புடறாங்க?”

“முன்னாடி உள்ள போனவங்கெல்லாம்.”

“ம்.” யோசித்தார். “நம்ம சின்னான் மாமன் இருப்பான். பழனி மகன் இருப்பான். கூப்புடுவாங்க.”

“முடிவு நெசமா இல்லைன்னு சொல்றாங்கப்பா. நானும் மாத்தணும்னுதான் மொதல்ல நெனச்சேன்.”

“அத மாத்தாத,” என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “என்றதத்தான் மாத்தோணும். எழுதிக் குடுத்தத.”

ஜூலை 11, வியாழன்

வீட்டுச் சாமான்களை எண்ணிப் பார்த்தேன். வெளியே போ என்று சொன்னால் ஒரே தள்ளுவண்டியில் அடங்கிவிடும். நல்லது.

காலையில் டிரம் மூடியிருந்தது.

ஜூலை 12, வெள்ளி

கோட்டாட்சியர் அலுவலகத்து வராண்டா. பெஞ்சு இருந்தது, அப்பா உட்காரவில்லை. அதனால் நானும் உட்காரவில்லை. குமாரசாமி வெள்ளைச் சட்டையில், ஒரு வக்கீலோடு வந்திருந்தான். ரொம்ப அன்பாக, “ரங்கா, டீ சாப்புடறயா?” என்று ஒரு கப்பை நீட்டினான்.

அப்பா அதைப் பார்த்தார். “வேண்டாங்,” என்றார். ‘சாமி’ சொல்லவில்லை. அவனுக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை, எனக்கு உறைத்தது.

காலையில் போன் டிங் என்றிருந்தது. கணக்கை நான் மூடவில்லை. கருந்துளை ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். கதையின் நகல் இருக்கிறதா, காலேஜ் மலரில் போடட்டுமா, நந்தகுமார் என்றே பெயர் போடட்டுமா. அவன் கேட்டதில் கேலி எதுவும் இல்லை. ‘போடு’ என்று என் போனிலிருந்து எழுதினேன்.

பதினொரு மணிவாக்கில் கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் கையில் கட்டோடு வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தினமும் செய்கிற வேலை, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வராண்டாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

“நந்தகுமார்!”

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நந்தகுமார்!”

அவர் இன்னொரு முறை கூப்பிடுவதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. அந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை.

“ஓய்!”

உதவியாளர் நிமிர்ந்தார். “என்னய்யா, ஓய் கீய்ங்கற? நீதான் நந்தகுமாரா?”

“இல்லீங். அவனுக்கு மேல நின்னவனுங்.”

குமாரசாமி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தான். “ரங்கா,” என்றான். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னிடம் கையை நீட்டினார். பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளே போகும் முன் அதை வேட்டி நுனியில் ஒருமுறை துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை.